குடும்ப வரலாறு

தொண்டையைச் செருமிக்கொண்டு அண்ணன் ஆரம்பித்துவிட்டார், குடும்ப வரலாறு ஏதும் உண்டா என்று டாக்டரம்மா கேட்டதுதான் தாமதம், எங்க தாத்தாவுக்குத்தாம்மா கோயில்ல முதல் மரியாதை, வெள்ளைக்காரனே எங்க தெருவுல குதிரையை விட்டு இறங்கி நடந்துதான் போவான், என்று அவர் அடுக்க அடுக்க அந்தக் குதிரை டாக்டரம்மாவின் மேசைக்குக் குறுக்கே போகிறது, அதன் பின்னாலேயே அம்மா வருகிறாள், இடது பக்கம் பழந்துணி அடைத்த ரவிக்கையோடு, புண்ணின் வாடை தெரியாமலிருக்கத் தலை நிறைய மரிக்கொழுந்தோடு, அவளுக்கும் பின்னால் பெரியம்மா, அதே பழந்துணி, அதே மரிக்கொழுந்து, நான் கேக்கிறது நோய் நொடிங்க ஐயா, மார்புல புத்து யாருக்காவது வந்திருக்கா, என்கிறார் டாக்டரம்மா, எங்க வம்சத்துல ஒரு தும்மல் கிடையாதும்மா, என்கிறார் அண்ணன், அம்மாவை மஞ்சள்காமாலையிலும் பெரியம்மாவைச் செய்வினையிலும் சாகவைத்து ஊருக்குச் சொன்னவர் அவர்தான், இல்லாவிட்டால் என்னை யார் கட்டியிருப்பார்கள், இப்போது என் மகள் கோமதிக்கும் வரன் பார்க்கிறார், ரத்தத்தில் வம்சத்தையே படித்துவிடுமாம் மரபணுப் பரிசோதனை, கோமதிக்கு அதை எடுத்தே ஆகவேண்டும் என்று நான்தான் இருவரையும் இழுத்து வந்திருக்கிறேன், ஆடியில் குளிக்கும்போது என் மார்பில் புளியங்கொட்டை போல ஒன்று விரலில் தட்டுப்பட்டதை அண்ணனிடமும் சொல்லவில்லை, கோமதியிடமும் சொல்லவில்லை.

பெங்களூரில் சித்தி மகள் வினோதினி அதே பரிசோதனைக்குக் கண்ணாடிக் குழாயில் எச்சிலைத் துப்பிக் கூரியரில் அனுப்பினாள், வந்த பதிலைப் பார்த்து, நோய் வருமுன்னே இரண்டு மார்பையும் எடுத்துவிட்டு வந்தாள், ஊருக்கு அது சிங்கப்பூர் டூர், போனில் கேட்டபோது, அக்கா, அந்த ரிப்போர்ட்டெல்லாம் கேக்காதீங்க, எம்பொண்ணுக்குப் பேசிட்டிருக்கோம், என்று வைத்துவிட்டாள், காசு இருந்தால் எச்சில்கூடப் பேசுகிறது, எங்கள் வீட்டில் செத்தவர்களுக்கு நோயின் பெயர்கூடக் கிடையாது, அம்மாவுக்கு அதுதான் டாக்டரம்மா, பெரியம்மாவுக்கும், என்று ஒரு குரல் சொல்கிறது, என் குரல்தான், அண்ணன் மேசைக்கடியில் என் காலை மிதிக்கிறார், ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்காம்மா, ஆஸ்பத்திரிக்கே போகலை டாக்டரம்மா, அப்போ இலவசத்துல வராதும்மா, வெளிய எடுத்தா உங்களுக்குக் கட்டுபடியாகாது, நோய் வந்தவங்க யாராவது உயிரோட இருந்தாக் கூட்டிட்டு வாங்க, முதல்ல அவங்க ரத்தத்துல பாத்துட்டு, அந்தக் கோளாறு இருந்தாப் பொண்ணுக்கும் ஃப்ரீயாப் பண்ணிரலாம், என்கிறார், அண்ணன் வழக்கில் ஜெயித்தவரைப்போல எழுந்திருக்கிறார், கிளம்பு தாயி, நம்ம வீட்ல அப்படி யாரு இருக்கா, கோமதி கைப்பையை எடுக்கிறாள், இருக்காங்க, என்றேன், யாரு, என்றார் டாக்டரம்மா, நான் முந்தானையை விலக்கி அவர் கையை எடுத்து அந்தப் புளியங்கொட்டை மேல் வைத்தேன், அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், டாக்டரம்மாவின் விரல்கள் வைத்த இடத்திலேயே வெகுநேரம் நின்றன, பிறகு அவர் கோமதியைப் பார்த்து, மெதுவாக, உனக்கு ஃப்ரீயாக் கிடைச்சிரும்மா, என்றார்.