வளைவில் மெதுவாகப் போகும் வண்டி

அப்பா படுத்திருந்த கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்புவதற்குள் அவளுக்கும் கணவருக்கும் வியர்த்துக் கொட்டிவிட்டது. அப்பாவுக்கு மூச்சு விடுவதே பெரும்பாடாக இருந்தது. இன்றைய பொழுதைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் காலையிலேயே கையை விரித்துவிட்டார்.

எல்லாம் தம்பி செய்த கூத்து. ரயில்வேக்காரர் பெற்ற பிள்ளை கால அட்டவணை பார்க்குமா? அப்பாவைப் பார்க்கக் கிளம்பியவன், எந்த வண்டியானாலும் இந்த ஊர் ஜங்ஷனில் நின்றுதானே தீரும் என்று கிடைத்த விரைவு வண்டியில் ஏறிவிட்டான். அதெல்லாம் இரண்டு ரயில் பாதைகள் தனித்தனியாக வந்து ஜங்ஷனில் முட்டி நின்ற காலம். எஞ்சின் மாற்றாமல் ஒரு வண்டி நகராது. மாறி ஏறுகிற கூட்டத்தில் நடைமேடையில் கால் வைக்க இடமிருக்காது. இரண்டையும் இணைத்து, அவர்கள் வீடு இருக்கும் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் வளைவுப் பாதை போட்ட பிறகு விரைவு வண்டிகள் ஜங்ஷனை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. டீக்கடைக்காரரும் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஊரில் இறங்கித் திரும்பிவர அவனுக்கு இருட்டிவிடும்.

ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஓடிப்போய்க் கெஞ்சினாள். பாவம், நல்ல மனிதர். சிக்னல் இப்போது தன் கையில் இல்லை, எங்கேயோ ஒரு கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறது என்றார். வளைவில் மட்டும் மெதுவாகப் போகும், அவ்வளவுதான் என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்து தம்பிக்குப் போன் போட்டாள்.

"இடது பக்கக் கதவுல நில்லுடா. நம்ம ஜன்னல் தெரியும். அப்பா பாப்பாரு."

"பாக்கமாட்டாருக்கா. மூஞ்சியத் திருப்பிக்குவாரு."

ரயில்வே வேலை வேண்டாம் என்று அவன் உதறிய அன்று, என் முகத்திலேயே முழிக்காதே என்று அப்பா சொன்னதுதான். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. வீம்பில் அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. காலையில் கண் விழித்ததும் சின்னவன் வருகிறானா என்றுதான் அப்பா கேட்டார். அதைச் சொல்லியும் அவன் நம்பவில்லை.

முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தியபோது அப்பா ஒரு மூச்சை நீளமாக இழுத்தார். அடுத்த மூச்சுக்காக அவள் காத்திருந்தாள். வரவில்லை. கணவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார்.

வெளியே ஹார்ன் கேட்டது.

"படுக்க வச்சிரலாம்மா," என்றார் கணவர்.

"வேணாம். காலப் பிடிச்சுக்குங்க, சரியுறாரு."

அப்பாவின் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்து, தலையைத் தன் தோளில் தாங்கி, முகத்தை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். கண்கள் பாதி திறந்துதான் இருந்தன. எஞ்சின் போனது. பெட்டிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்தன. அதோ, ஒரு கதவில் கம்பியைப் பிடித்தபடி தம்பி. முன்வழுக்கை ஏறியிருந்தது. முதலில் விறைப்பாகத்தான் நின்றான். பிறகு வாயைக் கோணிக்கொண்டு சின்னப் பிள்ளைபோல அழுதான். கதவு நகர்ந்துவிட்டது.

போன் அடித்தது.

"அக்கா, அப்பா என்னப் பாத்தாருக்கா. திரும்பிக்கவே இல்ல."

"ஆமாண்டா," என்றாள். "பாத்துக்கிட்டேதான் இருந்தாரு."

போனை வைத்ததும் கணவர் மெதுவாகக் கேட்டார். "வந்து கேப்பானே. எப்பப் போனாருன்னு சொல்றது?"

"வண்டி போனதுக்கப்பறம்."

அவர் தலையாட்டிவிட்டுக் கால்களை நீட்டி வைத்தார். அவள் கை மரத்துப்போயிருந்தது. அதை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.