பக்கத்து சீட்டில் ஒரு பிரேக்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து மிஸ்ஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேட்டைக்குள் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் என்பதால், பேப்பர் போடுகிறவரிலிருந்து பல் டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் மிஸ்தான். அப்பேர்ப்பட்ட மிஸ், ஜன்னலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வரும்போதெல்லாம் வாசலில் நிற்கும் காரை, சொல்லாமல் வந்துவிட்ட விருந்தாளியைப் பார்ப்பதுபோல எட்டிப் பார்த்தாள்.

அது டிரைவிங் ஸ்கூல் கார். டிரைவருக்கு இருப்பதுபோலவே பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்தான் அவள் பிழைப்பு. போன மாதம் பாலத்து இறக்கத்தில், பழக வந்த ஒரு பெண் ஒழுங்காகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் போன பஸ் வேகம் குறைத்தது. அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டாள். வேகத்தையும் குறைக்க ஆரம்பித்துவிட்டாள். அதற்குள் மிஸ்ஸின் கால் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு தன் பிரேக்கை ஓங்கி மிதித்தது. பின்னால் வந்த வேன் முட்டியது. அந்தப் பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது.

இடைவெளி விடாமல் வந்தது வேன்காரர் தப்பு என்று எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள். மிஸ்ஸைக் குறை சொல்ல ஒருத்தரும் இல்லை. அவளைத் தவிர. கண்ணாடியில் பின்னால் பார்க்காமல் மிதித்தவள் அவள். பார்க்காமல் மிதிக்காதே என்று தினமும் தொண்டை வற்றக் கத்துகிறவளும் அவள். அன்றிலிருந்து அவள் எந்தக் காரிலும் ஏறவில்லை. தன் காலைத் தானே நம்ப முடியாமல் போனால் எப்படி இருக்கும் என்று யாரிடமும் சொல்லத் தெரியவில்லை.

காரைச் சரிசெய்து நேற்று வாசலில் விட்டுப் போனது ஸ்கூல் முதலாளி. நல்ல மனிதர்தான்; பழக வந்தவர்கள் காத்துக் கிடக்கும்போது அவரும் எத்தனை நாள் பொறுப்பார்? நாளைக் காலையில் அவள் காரோடு வந்து சேர வேண்டும். இல்லையென்றால் வேறொருவர் வந்து காரை எடுத்துக்கொள்வார், வகுப்பையும் அவரே எடுப்பார். இதைப் பட்டும் படாமலும் சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஹாலில் அவள் புருஷன் நூற்றெண்பது கிலோமீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருந்தான், சோபாவில் சம்மணம் போட்டபடி. வீடியோ கேம்களை விளையாடிப் பார்த்து நிறை குறை சொல்வது அவன் தொழில். அவன் சேனலைப் பார்க்கிறவர்களுக்கு அவன் பெயர் புயல். அந்தப் புயலுக்கு நிஜக் காரில் முதல் கியர்கூடப் போடத் தெரியாது என்பது வீட்டோடு இருக்கும் ரகசியம். மிஸ் நச்சரித்துப் பழகுநர் உரிமம் வாங்க வைத்தாள். அது அவன் பர்ஸில் பழைய பஸ் டிக்கெட்டுகளோடு கிடந்தது. பெண்டாட்டியிடம் கார் பழகினால் காரும் மிஞ்சாது குடும்பமும் மிஞ்சாது என்று சொல்லியே இத்தனை வருஷம் டிமிக்கி கொடுத்துவந்தான்.

இந்த வாரத்துக் கேம் தெருப் பந்தயம். கடல் முதல் மலை வரை ஒரு நகரத்தையே கட்டி உள்ளே விட்டிருந்தார்கள். பந்தயத்தில் ஓடலாம்; பிடிக்காவிட்டால் கால்போன போக்கில் சுற்றலாம். சாயங்காலம் வீடியோ போட்டாக வேண்டும், நீயும் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை சொல்லு என்றான் அவன். நிஜ டிரைவிங் மிஸ் சொன்னால் எடுபடுமாம். தன்னை ஏதாவது ஒரு ஸ்டீயரிங் பக்கம் இழுத்துவிடப் பார்க்கிறான் என்பது அவளுக்குப் புரியாமலில்லை. ஆனாலும் நடந்து நடந்து அலுத்துப்போய் உட்கார்ந்தாள்.

நிறை இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டாள். மழை விட்ட ரோட்டில் கடை விளக்குகள் நெளிகிற அழகை அவள் வாய் விட்டுப் பாராட்டினாள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த கியர் என்று அவளால் சொல்ல முடிந்தது. வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாய்வதுகூட அச்சு அசலாக இருந்தது. பந்தயங்கள்தான் அரைத்த மாவையே அரைத்தன. அதே துரத்தல், அதே போலீஸ், அதே பச்சைக் கார் மூலைக்கு மூலை.

அவன் கையிலிருந்த கன்ட்ரோலரை வாங்கி அவளே ஓட்டிப் பார்த்தாள். சிவப்பு விளக்கில் நின்றாள். அந்த நகரத்தில் சிவப்பு விளக்குக்கு நின்ற முதல் ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டும். பின்னால் ஒருவரும் ஹார்ன் அடிக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தாள். சற்றுமுன் தாண்டி வந்த லாரியையும் காணோம், பஸ்ஸையும் காணோம். வெறும் ரோடு.

தாண்டிப் போனதையெல்லாம் கேம் அழித்துவிடும் என்று அவன் விளக்கினான். முன்னால் இருப்பதைக் காட்டினால் போதும், பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள், சுமையும் குறையும் என்றான். அவளுக்குச் சுருக்கென்றது. கன்ட்ரோலரை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

அவன் மெச்சி மெச்சிப் பேசியது ஒரே ஒரு பொத்தானைப் பற்றி. எங்கேயாவது மோதிவிட்டால் இடது கட்டைவிரலால் அதை அழுத்த வேண்டும். உடைந்த கண்ணாடி ஒட்டிக்கொள்ளும், நசுங்கிய கதவு நிமிரும், கார் பின்னோக்கி ஓடி மோதலுக்கு முந்தைய இடத்தில் போய் நிற்கும். அங்கிருந்து மறுபடி ஓட்டலாம். இந்தக் கேமின் பெரிய நிறையே அதுதான் என்றான்.

"அதுதான் பெரிய குறை," என்றாள் அவள். "அது கையில இருக்கிற வரைக்கும் நீ எதையும் பாக்கவே மாட்டே."

சொல்லிவிட்டாளே தவிர, ஒரு மாதமாக ராத்திரியும் பகலும் அவள் தேடிக்கொண்டிருந்தது அந்தப் பொத்தானைத்தான். அது மட்டும் கிடைத்தால் பாலத்து இறக்கத்துக்குப் போய் நின்றிருப்பாள்.

அவன் ரெக்கார்டிங்கை நிறுத்தினான். எடுத்ததை ஓட்டிக் காட்டினான். சோபாவுக்கு எதிரே வைத்திருந்த கேமரா கொஞ்சம் தாழ்ந்திருந்ததால் அவள் பாதமும் படத்தில் விழுந்திருந்தது. அவன் மோதிய இடத்திலெல்லாம், மோதலுக்குச் சற்று முன்னால் அவள் வலது கால் கார்ப்பெட்டை அழுத்தி மிதித்திருந்தது. அவளுக்கே அது தெரியாது.

"பாத்தியா? உன் கால் சரியாத்தான் சொல்லுது. எனக்கு முன்னாடியே அதுக்குத் தெரியுது."

"அன்னைக்கும் அதுக்கு முன்னாடியே தெரிஞ்சுதுதான்," என்று அவள் எழுந்துவிட்டாள். கோபத்தில் குரல் உடைந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆறுதல் சொல்ல எல்லோராலும் முடியும், அதற்குப் பெட்ரோல் வேண்டாம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

அவன் கேமை அணைத்தான். பிறகு ஆணியில் மாட்டியிருந்த கார் சாவியை எடுத்தான். தனக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னான், முனை வரைக்கும் போதுமாம். முகம் வெளுத்துப்போயிருந்தது. இத்தனை வருஷம் தப்பித்த ஆள் தானாக வந்து தலையைக் கொடுக்கும்போது அவளால் மறுக்க முடியவில்லை.

பக்கத்து சீட்டில் அவள் உட்கார்ந்தாள். பாதங்களைப் பெடலில் படாமல் ஒதுக்கி வைத்துக்கொண்டாள். புயல் காரை எடுத்தது, எஞ்சின் அணைந்தது. மறுபடி எடுத்தது, மறுபடி அணைந்தது. சேனல் ரசிகர்கள் பார்த்திருந்தால் அன்றோடு கடையைக் கட்டியிருக்க வேண்டியதுதான். ஒருவழியாக நகர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தெரு காலியாகக் கிடந்தது. முதல் கியரிலேயே ஊர்ந்து முனைக்கு வந்தார்கள்.

அவன் திருப்பினான். முன்னால் பார்த்தான், முன்னால் மட்டும்தான் பார்த்தான். அவள் கண் தன் பக்கத்துக்கென்று ஒட்டியிருந்த சின்னக் கண்ணாடிக்குப் போனது. அவன் திரும்புகிற பக்கத்தை ஒட்டி ஒரு சைக்கிள் வேகமாக வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் எதுவும் இல்லை. அவள் மிதித்தாள்.

கார் ஒரு குலுக்கலோடு நின்றது. அதே நேரம் ஹார்ன் அலறியது. சைக்கிள்காரர் பம்பரை உரசாத குறையாகத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்துக் கண்ணு பிடரியிலயா இருக்கு என்று திட்டிவிட்டுப் போனார். ஹார்ன் நிற்கவே இல்லை. அவன் இடது கட்டைவிரல் ஸ்டீயரிங்கை அழுத்து அழுத்தென்று அழுத்திக்கொண்டிருந்தது. எதைத் தேடுகிறது என்று அவளுக்குப் புரிந்தது.

மெதுவாக அந்த விரலைப் பிடித்து எடுத்துவிட்டாள்.

"அந்தப் பொத்தான் இங்க இல்லப்பா."

அவன் தலையாட்டினான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவள் கால் இன்னும் பிரேக்கின் மேலேயே இருந்தது. முதலில் கண்ணாடியைப் பார்த்தாள், அப்புறம்தான் மிதித்தாள். வரிசை மாறவில்லை. இதை நாளைக்கு முதலாளியிடம் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது, அதனால் பரவாயில்லை.

போதும், நீயே ஓட்டு, வீட்டுக்குப் போகலாம் என்று அவன் பாதி எழுந்தான். அவள் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். முதல் நாள் பழக வருகிறவர்களிடம் பேசுகிற அந்தக் குரல், ஒரு மாதமாக வராதது, தானாக வந்தது.

"உக்காருங்க சார். கிளட்ச்சை முழுசா மிதிச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. அவசரமே இல்ல. முதல்ல கண்ணாடியில பின்னாடி என்ன வருதுன்னு சொல்லுங்க."

அவன் கண்ணாடியைப் பார்த்தான்.

"ஒரு ஆட்டோ வருது, மிஸ்."

"போகட்டும்," என்றாள் அவள். "அப்புறம் நாம போகலாம்."