போர்வைக்கு மேல் ஒரு சூரியன்

அந்தத் தொடக்கப்பள்ளியில் ஓவிய வகுப்புக்கென்று மாடிப்படியை ஒட்டி ஓர் அறை இருந்தது. குழாய் உண்டு, பெரிய ஜன்னல் உண்டு, பேச்சுத் துணைக்குத்தான் ஆள் கிடையாது. மற்ற டீச்சர்களுக்கு ஆளுக்கொரு வகுப்பு, அதைப் பற்றிப் பேச ஆயிரம் கதை. ஓவிய டீச்சர் எல்லா வகுப்புக்கும் பொது. அதனால் எந்தக் கதையிலும் அவளுக்கு இடமில்லை. வீட்டிலும் தனிதான். அம்மா அண்ணன் வீட்டில் இருந்தாள். எப்போதாவது அண்ணன் போன் செய்து, "உனக்கென்ன, கலரடிச்சு விளையாடச் சம்பளம்" என்பான். அவளும் சிரித்து வைப்பாள்.

மதியச் சாப்பாட்டுக்கு அவளைக் கூப்பிட்டது மூன்றாம் வகுப்பு டீச்சர் மட்டும்தான். "தனியா சாப்பிட்டா உடம்புல ஒட்டாதும்மா, இங்க வா." அன்றிலிருந்து அந்த அம்மாள் அவளுக்கு அக்கா ஆனாள்.

பெற்றோர் வந்து பார்ப்பதற்காகப் படக் கண்காட்சி வைப்பதென்று முடிவானது. அக்காவின் வகுப்புப் பிள்ளைகளிடம் ஓவிய டீச்சர், "வீட்டுல நீ மட்டும் கவனிச்ச ஒண்ணை வரைஞ்சு கொண்டா" என்றாள். ஒருவன் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டிலிருந்து பார்த்த அப்பாவின் வழுக்கையை வரைந்தான். உருவத்தில் சிறியவளானதால் சுண்டெலி என்று பெயர் வாங்கிய பெண், தாள் முழுக்க நீலமாக ஒரு மேடு வரைந்தாள். கீழே ஓரத்தில் ஒரு குதிகால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"எங்கம்மா மிஸ். ராத்திரி ஆஸ்பத்திரில நர்ஸ் வேலை. நான் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது இப்படித்தான் இருப்பாங்க."

நீலத்தில் வெள்ளையும் துளி பழுப்பும் கலந்து, துவைத்துத் துவைத்து வெளுத்த போர்வை நிறத்தை அவளே கண்டுபிடித்திருந்தாள்.

கண்காட்சிக்கு முந்தைய நாள் மாலை ஓவிய டீச்சருக்குப் பல் வலி தாங்கவில்லை. "நீ டாக்டர்கிட்ட போ, படங்களை நான் ஒட்டிடறேன்" என்றாள் அக்கா.

காலையில் வந்து சுவரைப் பார்த்தவளுக்குப் பல் வலி மறந்துபோனது. எல்லாப் படத்துக்கும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் கரை கட்டியிருந்தது. வழுக்கைக்கு ஒரு நூல் வந்து பலூனாகியிருந்தது. போர்வை மலையாகியிருந்தது. குதிகால் ஒரு குடிசை. மலைக்குப் பின்னால் கண், மூக்கு வைத்து ஒரு சூரியன் சிரித்தது.

"எல்லாம் மொட்டை மொட்டையா இருந்துச்சு. இருட்டுற வரைக்கும் உக்காந்து சரி பண்ணேன்" என்றாள் அக்கா. கண்கள் சிவந்திருந்தன. முகம் நிறையச் சந்தோஷம்.

"இந்த வருஷம்தான் படம் படமாட்டம் இருக்கு" என்று தலைமையாசிரியர் பாராட்டினார்.

பத்து மணிக்கு மேல் சுண்டெலி அம்மாவோடு வந்தாள். அந்த அம்மா வேலை உடுப்பிலேயே, தூக்கக் கலக்கத்தோடு வந்திருந்தாள். சுண்டெலி சுவரோரமாக இரண்டு முறை நடந்தாள்.

"மிஸ், என்னோடது எங்க?"

ஓவிய டீச்சர் அந்த மலைப் படத்தைக் கைகாட்டினாள். சுண்டெலி அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள்.

"நீ வரைஞ்சதா? அழகா இருக்கே. மலையா இது?" என்றாள் அம்மா.

"ம்" என்றாள் சுண்டெலி.

மதியம் ஓவிய டீச்சர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அக்காவிடம் சொல்லிவிட்டாள்.

"அது மலை இல்லக்கா. அவங்கம்மா தூங்கறது."

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அந்தப் பிள்ளைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அக்கா கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தாள். "உனக்காகத்தானே செஞ்சேன்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா சொல்லிக்காட்டற?"

மறுநாளிலிருந்து கூப்பிடும் குரல் வரவில்லை. அவளாகப் போயிருக்கலாம், போனால் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும், அது பொய்யாக இருக்கும். படியோர அறையிலேயே குழாயடியில் கை கழுவி, ஜன்னலைப் பார்த்தபடி சாப்பிட்டாள்.

அடுத்த வகுப்பில் சுண்டெலி வந்ததும் கறுப்புப் பேனா கேட்டாள். "அப்பதான் மிஸ் நல்லா இருக்கும்."

ஓவிய டீச்சர் பேனாவைக் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "இன்னைக்கு அம்மா எப்படித் தூங்கினாங்க?"

சுண்டெலி யோசித்தாள். "சுவரைப் பாத்து. முடி மட்டும் வெளிய தெரிஞ்சுது." பேனாவை மூடாமலே வைத்துவிட்டு நீலம் கலக்கத் தொடங்கினாள். கறுப்புப் பேனா முடிக்குத்தான் உதவியது.

தன் வகுப்பை அழைத்துப் போக வந்த அக்கா வாசலில் நின்றாள். ஓவிய டீச்சரைப் பார்க்காமல் சுண்டெலியிடம் குனிந்து, "இது என்ன பாப்பா?" என்று கேட்டாள். சுண்டெலி விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள்: போர்வை, முடி, சுவர். அக்கா கடைசிவரை கேட்டாள். பிறகு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அழைத்துக்கொண்டு போனாள்.

ஓவிய டீச்சர் கதவருகே வந்து நின்றாள். வராந்தாவின் கோடியில் அக்கா திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தாள். வரிசை முனை திரும்பி மறைந்தது. எதிர்ப்பக்கமிருந்து நான்காம் வகுப்பு இரைச்சலோடு வந்துகொண்டிருந்தது.