முதல் நடை

டிரம் நிரம்பியதும் பலராமன் தக்கையை அடித்து இறுக்கிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தான். வீட்டில் அண்ணன் இருசப்பனின் உடல் குளிப்பாட்டலுக்குக் காத்துக் கிடந்தது. எண்பத்து மூன்றாம் வருஷக் கோடை. அடி அண்ணாமலையில் வீட்டுக் கிணறுகள் எல்லாம் கையை விரித்துவிட்டன. ஊருக்கு வெளியே ஒரே ஒரு கிணற்றில்தான் மோட்டார் ஓடியது. "பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாகணும். சட்டுனு வந்து சேரு" என்று பெரியப்பா தசரதன் விரட்டியிருந்தார்.

வண்டியும் மாடும் அண்ணனுடையவை. இருசப்பன் வனத்துறையில் வாட்சர். மலையடிவாரத்தில் மான்களுக்கென்று கட்டிய தொட்டியைக் கோடை முழுக்க நிரப்புவது அவர் பொறுப்பு. விடிந்ததும் முதல் நடை தண்ணீர் அங்கேதான் போகும். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

பலராமனுக்கோ மான் என்றாலே வயிற்றெரிச்சல். மலையோர வேர்க்கடலைக் கொல்லையில் அவன் போடும் மல்லாட்டையில் பாதியை அதுகள்தான் அறுவடை செய்யும்.

"நான் கவண்கல்லால வெரட்றேன். நீ கூப்ட்டு விருந்து வெக்கிறியா?" என்று அண்ணனிடம் மல்லுக்கு நிற்பான்.

"தண்ணி இல்லன்னா ஊருக்குள்ள எறங்கும்டா. நாய்ங்க உசுரோட வுடுமா?" என்று இருசப்பன் சிரிப்பார்.

காய்ச்சலில் விழுந்த பிறகும் அவருக்கு இதே பேச்சுதான். நேற்று சாயங்காலம் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். "தொட்டி காஞ்சி கெடக்கும்டா. ஒரே ஒரு நடை போய்ட்டு வாயேன்."

"நாளைக்குப் பாக்கலாம், நீ தூங்குண்ணா" என்று பலராமன் கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டான். விடிந்தபோது அண்ணன் இல்லை.

பாதை பிரியும் இடத்தில் மாடு மலைப்பக்கம் திரும்பியது.

"ஏய், எங்க போற? வூட்டுக்குப் போ!" கயிற்றை இழுத்துப் பார்த்தான். வாலை முறுக்கினான். அண்ணன் வளர்த்த மாடு, இவனைச் சட்டை செய்யவே இல்லை. கழுத்து மணி கணகணவென்று ஆட, வேலிக்காத்தான் புதர்களுக்கு நடுவே நடந்துபோய்த் தொட்டியின் முன்னால்தான் நின்றது.

தொட்டியின் அடியில் பாசி காய்ந்து வெடித்திருந்தது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே இறங்கி மூக்கணாங்கயிற்றைப் பிடித்தவன் அப்படியே நின்றுவிட்டான். புதருக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக மான்கள் வெளியே வந்தன. அவன் தலை தெரிந்தாலே பிடரியில் கால்பட ஓடுகிற அதே மான்கள். மணிச் சத்தத்தை நம்பி வந்திருந்தன. கல்லெறி தூரத்தில் நின்று அவனையும் டிரம்மையும் பார்த்தன. முன்னால் நின்ற பெண்மானுக்கு விலா எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி.

"வந்துட்டேன். இதோ வந்துட்டேன்" என்றான். யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. வண்டியைப் பின்னுக்குத் தள்ளித் தக்கையைப் பிடுங்கினான். தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் தான் அழுவது அவனுக்குக் கேட்கவில்லை.

வாசலில் தசரதன் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். டிரம்மைத் தட்டிப் பார்த்தார்.

"தண்ணி எங்கடா?"

"மாடு தொட்டிக்குப் போய்டுச்சு பெரியப்பா."

"மாடு போச்சுன்னா, நீ இன்னா பண்ணிக்கினு இருந்த? சாவு வூட்ல இத்தினி பேரு காத்துக்கினு கெடக்கறோம், அய்யா மானுக்கு ஊத்திட்டு வராரு!"

உள்ளேயிருந்து அண்ணி ரேணுகாம்பாள் எழுந்து வந்தாள். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள்.

"எல்லாம் வந்துச்சாப்பா?"

"வந்துச்சு அண்ணி. குட்டியோட ஒண்ணு."

"குடிச்சிச்சா?"

"குடிச்சிச்சு. நான் தள்ளி வந்தப்புறம் எல்லாம் குடிச்சிச்சு."

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "அதுங்களுக்கு ஊத்தாம அவரு என்னிக்கு மேலுக்குத் தண்ணி ஊத்திக்கினாரு?" என்றாள். பிறகு தசரதனைப் பார்த்து, "கொஞ்சம் பொறுங்க மாமா" என்றாள். "நீ இன்னொரு நடை போய்ட்டு வாப்பா. இப்ப அவரு குளிப்பாரு."

தசரதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மேளக்காரங்களுக்கு டீ வாங்கியாந்து குடுங்கப்பா" என்று யாரிடமோ சொன்னார்.

இரண்டாவது டிரம்மோடு பலராமன் திரும்பும்போது வெயில் மலையின் ஒரு பக்கத்தில் மட்டும் நின்றது. பாதை பிரிகிற இடம் வருவதற்கு முன்பே வண்டியை நிறுத்தினான். இறங்கி வேலிக்காத்தான் புதர்ப் பக்கம் பார்த்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, மாட்டின் கழுத்து மணியைச் சுற்றி, நாக்கு அசையாதபடி இறுக்கிக் கட்டினான். பிறகு மூக்கணாங்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், வீட்டுப் பக்கம் நடந்தான்.