நெஞ்சுக்குள் ஒரு பட்டன் வளையம்

"சட்டையில ஏதோ கம்பி இருக்கு, கழட்டிட்டு வாங்கன்னு சொன்னேன்ல? எத்தன தடவம்மா சொல்றது?"

எக்ஸ்ரே எடுக்கிறவர் கதவைப் பாதி திறந்துகொண்டு கத்தினார். எங்கள் வீட்டுச் சின்னவள், அதாவது என் கொழுந்தன் பெண்டாட்டி, உள்ளே நடுங்கிக்கொண்டு நின்றாள். அவள் மேல் சட்டையே இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பச்சை அங்கிதான் இருந்தது. பின்பக்கம் நாடா கட்டுகிற மாதிரி. அதில் கொக்கியும் கிடையாது, பட்டனும் கிடையாது.

"மொதல்லயே எல்லாத்தையும் கழட்டியாச்சு சார். சங்கிலி, தோடு, தலையில குத்துன கிளிப்பு வரைக்கும் இதோ என் பையிலதான் கிடக்கு, எண்ணிப் பாக்குறீங்களா?" என்று நான் பையைத் திறந்து நீட்டினேன். கோபம் வந்தால் என் குரல் கொஞ்சம் கூடிவிடும். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும், காசா பணமா.

மறுபடி எடுத்தார். அப்புறம் அவளைப் பக்கவாட்டில் நிறுத்தி எடுத்தார். இந்தத் தடவை கத்தாமல் மெதுவாக வெளியே வந்தார்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"ஓரகத்தி. மூத்தவ."

"கொஞ்சம் உள்ள வாங்க. அது சட்டையில இல்லம்மா. உள்ள இருக்கு."

திரையில் அவள் நெஞ்சு தெரிந்தது. சாம்பல் நிறத்தில் விலா எலும்புகள், நடுவில் இதயத்தின் நிழல். வலது பக்கம் கொஞ்சம் கீழே, வெள்ளை வெளேரென்று ஒரு குட்டி வளையம். ஒரு முனை மட்டும் வெளியே தூக்கிக்கொண்டு நின்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவருக்கு அது என்னவென்று தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். நாள் முழுக்க என் விரலில் புரளுகிற சாமான் அது. எங்கள் வீட்டுப் பட்டன் வளையம்.

எங்களுக்கு லாண்டரி தொழில். சாதாரணத் துணி அல்ல. பெரிய ஹோட்டல் வாசலில் சல்யூட் அடிக்கிறவர்களின் கோட்டு, பேண்டு வாசிக்கிறவர்களின் கோட்டு, இப்படி பித்தளைப் பட்டன் வைத்த உடுப்புகள். அந்தப் பட்டனைத் தைக்க மாட்டார்கள். தைத்தால் ஒவ்வொரு சலவைக்கும் பித்தளை கறுத்து, துணியிலும் கறை இறங்கிவிடும். பட்டனுக்குப் பின்னால் ஒரு காது இருக்கும். அந்தக் காதைத் துணியில் உள்ள ஓட்டை வழியாக நுழைத்து, உள்பக்கம் ஒரு சின்ன இரும்பு வளையத்தைக் கோத்துவிட்டால் பட்டன் அசையாது. சாவி வளையம் மாதிரிதான், ஆனால் சுண்டுவிரல் நகத்தளவு. துவைக்குமுன் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், இஸ்திரி போட்டபின் எல்லாவற்றையும் மாட்ட வேண்டும். அடுத்த தடவை சுலபமாகக் கழற்றுவதற்காக நாங்கள் முனையைக் குறடால் லேசாக வெளியே தூக்கி விடுவோம். வேறு கடைகளில் அப்படிச் செய்வதில்லை.

மாட்டும்போது இடது கை பட்டனை முன்பக்கம் அழுத்திப் பிடிக்கும், வலது கையில் குறடு. வளையத்தை எங்கே வைப்பது? மேஜையில் வைத்தால் உருண்டு ஓடிவிடும். அதனால் உதட்டுக்கு நடுவில் வைத்துக்கொள்வோம். இந்த வீட்டுக்கு வருகிற மருமகள் முதலில் பழகுவது இதைத்தான். என் மாமியார் அரை டஜன் வளையத்தை உதட்டில் கவ்விக்கொண்டே என்னைத் திட்டுவார். ஒரு வசவும் குறையாது, ஒரு வளையமும் விழாது. அதற்கே அவருக்கு ஒரு மெடல் குத்தலாம்.

சின்னவளுக்கு இருமல் வந்தபோது அவள் பெண் குழந்தை, நாங்கள் குட்டி என்று கூப்பிடுவோம், அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. தாய்ப்பால் குடிக்கிற குழந்தை. கஷாயம், மருந்து, மாத்திரை எதற்கும் இருமல் அடங்கவில்லை. உடம்பு இளைத்தது, சாயங்காலமானால் காய்ச்சல். தெருமுனை மருந்துக்கடைக்காரர் ஒரு நாள் அவள் இருமுவதைக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இது அந்த இருமல் மாதிரி இருக்கே" என்றார். வியாதியின் பேரைக்கூட அவர் சொல்லவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்றைக்கே மாமியார் அவள் மடியிலிருந்து குட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொல்லத்தான் செய்தேன். கொழுந்தன்தான் தலையில் கை வைத்துக்கொண்டான். "அங்க போனா ரிஜிஸ்டர்ல பேர் எழுதிடுவாங்க அண்ணி. ஹோட்டலுக்குத் தெரிஞ்சா அப்புறம் ஒரு கோட்டு வருமா நம்மகிட்ட?" என்றான். நியாயமாகத்தான் பட்டது. வியாதிக்காரி கைபட்ட உடுப்பை யார் போடுவார்கள்? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நாங்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம்.

அவளுக்கு மாடி அறை. தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். பால் கட்டி நெஞ்சு வீங்கி, அவள் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரோடு படுத்துக் கிடந்தது எனக்குத் தெரியும். ஒரு நாள் அந்தப் பாலும் நின்றுவிட்டது. கீழே நான் என் இரண்டு பையன்களையும் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிவிட்டு, அப்பாடா என்று உட்கார வேண்டிய வயதில், புட்டியும் ஈரத்துணியுமாக மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். வாய் ஓயாமல் முணுமுணுத்தேன். ஆனால் குட்டி என் தோளில் போட்டால்தான் தூங்கும்.

எக்ஸ்ரே எடுத்த அன்று காலை அவள் துண்டில் ரத்தம். கொழுந்தன் அதைப் பார்த்துப் பேயறைந்தவன் போல நின்றான். "ஹோட்டலாவது மண்ணாவது, வழியை விடு" என்று அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். படத்தை வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது எப்படி நுரையீரலுக்குப் போச்சு?"

"வாயில வச்சுக்குவோம் டாக்டர்," என்றேன்.

"இரும்பு வளையத்தையா? ஏன்?"

"கை ரெண்டுதான டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. "எப்பவாவது புரை ஏறிச்சா? மூச்சு திணறிச்சா?"

சின்னவள் என் பக்கம் திரும்பினாள். "அந்தப் பேண்டு செட்டு கோட்டு வந்தப்போ, அக்கா. நீங்க அத்தை மாதிரி பேசிக் காட்டுனீங்களே."

ஆமாம். உதட்டில் வளையத்தை வைத்துக்கொண்டு மாமியார் எப்படித் திட்டுவார் என்று நான் நடித்துக் காட்டினேன். இவளும் வாயில் வளையத்தோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். புரை ஏறியது, முதுகில் தட்டினேன், தண்ணீர் கொடுத்தேன், சரியாகிவிட்டது. ஒரு வளையம் குறைந்தது. தரையில் காந்தத்தை இழுத்துத் தேடிவிட்டு டப்பாவிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினேன். வளையம் காணாமல் போவது எங்களுக்குத் தினசரி நடப்பது. மனுஷி நெஞ்சில் போய் உட்காரும் என்று யார் கண்டது!

"சளியையும் டெஸ்ட் பண்ணிடலாம்," என்றார் டாக்டர். "ஆனா எனக்குத் தெரிஞ்சு இது தொத்து வியாதி இல்ல. எல்லாம் இந்த வளையம் பண்ற வேலை. வாய் வழியா குழாய் விட்டு எடுத்துடலாம்."

சின்னவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்போ நான் எம் பொண்ண தூக்கலாமா?"

"தாராளமா தூக்குங்க. யாரு வேண்டாம்னது?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சின்னவள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "யாருமில்ல டாக்டர்," என்றாள். அந்த ஒரு வார்த்தை என்னைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

மறுநாள் வளையம் வெளியே வந்தது. டாக்டர் அதை ஒரு சின்னப் புட்டியில் போட்டுக் காட்டினார், துருப்பிடித்துக் கறுத்துப்போயிருந்தது. சின்னவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சளியிலும் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று வருகிற போகிற நர்ஸையெல்லாம் கேட்டாள்.

திரும்பி வரும் வண்டியில் அவள் வாய் மூடவில்லை. குட்டிக்கு எத்தனை பல் வந்திருக்கிறது, சோற்றை மென்று தின்கிறதா, தூங்கும்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நானும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பெற்றவளுக்கு நான் பிள்ளையை விளக்கிக்கொண்டு வருகிறேன்! எனக்கே வெட்கமாக இருந்தது. ராத்திரி இனி என் தோள் காலியாகிவிடும் என்ற நினைப்பும் நடுவில் வந்து குத்தியது. அதையும் மறைப்பானேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மாமியார் ஒரு கோட்டை மடியில் போட்டுக்கொண்டு, உதட்டில் வரிசையாக வளையங்களோடு உட்கார்ந்திருந்தார். சளி, டெஸ்ட்டு என்று மட்டும்தான் போனில் சொல்லியிருந்தேன். இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் புட்டியை அவர் முன் வைத்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பேச வாயைத் திறந்தால் வளையம் விழும், திறக்காவிட்டால் உள்ளே போகும் என்பது போலத் தவித்தார். பிறகு ஒவ்வொன்றாக உள்ளங்கையில் துப்பினார். கொழுந்தன் சலவைக்கு வந்த கோட்டுக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப வியாதி...?" என்றான்.

"ஒரு வியாதியும் இல்ல. அவளுக்கு எந்த வியாதியும் வரவே இல்ல," என்றேன். இத்தனை நாளாக நாங்கள் செய்தது என்ன என்று அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சின்னவள் கை கால் கழுவி, வேறு சட்டை மாற்றி, தலையைச் சீவிக்கொண்டு வந்தாள். கூடத்து நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். "வாடி என் தங்கம். அம்மாகிட்ட வா."

குட்டி இப்போது நடக்கிறது. மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்று அவளை உற்றுப் பார்த்தது. முகத்தில் பயமே இல்லை. குனிந்து தன் சட்டை நுனியை எடுத்து, வயிறு தெரியத் தூக்கி, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டது.

நாங்கள் யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மாடி அறை வாசலில் தட்டை வைக்கும்போது, கதவைத் திறக்கும்போது, அவள் இருமல் கேட்கும்போது நாங்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தோம். என் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு அது பார்த்திருக்கிறது.

பிறகு என்னைப் பார்த்தது. நான் மூடாமல் நிற்பது சரியில்லை என்று அதற்குத் தோன்றியிருக்க வேண்டும். தத்தித் தத்தி வந்து, என் தோளில் தொங்கிய துண்டின் நுனியை எட்டிப் பிடித்து, என் முகத்துக்கு நேராகத் தூக்கிக் கொடுத்தது.

"சீ, கைய எடுடி கழுத!" என்று மாமியார் அதன் கையைப் பிடித்து இழுத்தார். குட்டி வீறிட்டு அழுதுகொண்டு துணியை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டது.

"விடுங்க அத்தை," என்றாள் சின்னவள். குரல் உயரவில்லை. "என்னப் பாத்தா அப்படித்தான் செய்யணும்னு நெனச்சிட்டிருக்கா."

நீட்டிய கைகளை அவள் மடக்கவில்லை. குட்டி என் காலைக் கட்டிக்கொண்டு என் பின்னால் ஒளிந்தது. என்னால் அதைத் தூக்கவும் முடியவில்லை, தள்ளிவிடவும் முடியவில்லை.