பன்னீர்க் குப்பி

பல்லைக் காட்டப் போனால் மூத்திரம் கொண்டுவரச் சொல்லுகிற டாக்டரைத் தென்காசி அதுவரை கண்டதில்லை. சிவசுப்பிரமணியன் மதராசில் படித்துவிட்டு வந்து ரத வீதியில் பல் ஆஸ்பத்திரி திறந்த புதிதில் கடைத்தெரு முழுக்க அதுதான் சிரிப்பு. மனிதர் அசைந்து கொடுக்கவில்லை. நாற்பதைத் தாண்டியவர் ஆடுகிற பல்லோடு, சீழ் வைத்த ஈறோடு வந்தால் முதலில் குப்பி, அப்புறம்தான் குறடு. நீல மருந்தில் சில சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார். நீலம் நீலமாகவே நின்றால் பிடுங்கலாம். செங்கல் நிறத்துக்கு மாறினால் சீனி வியாதி. அதை அடக்காமல் பல்லைத் தொட்டால் புண் ஆறாது, ஆளையே கொண்டுபோய்விடும் என்பார்.

அரிசிக்கடை ஏசுதாசனுக்குக் கீழ்த்தாடையில் இரண்டு மூன்று பற்கள் ஆடின. ஈறு வேறு வீங்கிக்கொண்டது. அவருடைய அண்ணன் சீனி வியாதியில் காலை எடுத்து, அதற்குப் பிறகும் பிழைக்காமல் போனவர். அதனால் அந்த வியாதியின் பேரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. சொல்லாவிட்டால் வராதாக்கும்! அவர் மனைவி சுகிர்தம் வாயால் சொல்லவில்லையே தவிர, மனிதர் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பதையும், புறவாசலில் அவர் ஒதுங்குகிற மூலையில் எறும்பு மொய்ப்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எறும்பின் மேல் சாம்பலைத் தூவிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

மகளுக்குக் கடையத்தில் மாப்பிள்ளை பேசி, நிச்சயத்துக்கு நாள் குறித்திருந்த சமயம். வலி பொறுக்காமல் ஒரு நாள் காலையில் ஏசுதாசன் பல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். சுகிர்தமும் கூடப் போனாள். பழைய பன்னீர்க் குப்பி ஒன்றைச் சுடுதண்ணீர் விட்டு அலசி, அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

போய்ப் பார்த்தால், அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது மாப்பிள்ளையின் அப்பா செல்லப்பா. மடியில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு, பல் வலி என்று தாடையைத் தடவினார். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் உயிர் போய் உயிர் வந்தது. திரும்பிப் போகவும் முடியாது. டாக்டர் குப்பியை வாங்கி அங்கேயே, எல்லார் கண்ணுக்கும் முன்னால் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, நல்ல செங்கல் நிறத்தில் போய் நின்றது.

டாக்டர் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு குற்றாலத்துத் தேன் உண்டு. சாரல் காலத்தில் வாங்கி வந்து, தேன் தீர்ந்ததும் குப்பியைக் கழுவி எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு குப்பியின் அடியில் ஒட்டியிருந்த தேன் அவரை முன்பு ஒருமுறை ஏமாற்றியிருந்தது. அதனால், தேன் குப்பியிலா கொண்டுவந்தீர்கள் என்று அவரே கேட்டார். ஏசுதாசன் அதை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, அது தேன் குப்பிதானே?"

சுகிர்தம் அவர் முகத்தைப் பார்த்தாள். வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் பெஞ்சில் செல்லப்பா தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது இங்கேதான் இருக்கும், வேறெங்கே இருக்கும்? தேன் குப்பி வீட்டில் அடுக்களைப் பலகையில் பாதித் தேனோடு இருந்தது.

"ஆமா," என்றாள். "நாந்தான் சரியாக் கழுவல."

டாக்டர் சிரித்துவிட்டார். நாளைக்கு வேறு குப்பியில் கொண்டுவாருங்கள், அதைப் பார்க்காமல் பல்லைத் தொட மாட்டேன் என்று அனுப்பினார். வரும் வழியில் ஏசுதாசன் அவளுக்குப் பூ வாங்கிக் கொடுத்தார். அவளும் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் சொன்ன அந்த ‘நாளைக்கு’ வரவே இல்லை. நிச்சயம் முடியட்டும் என்றார் அவர். அவளும் வற்புறுத்தவில்லை. என்ன சொல்லி வற்புறுத்துவாள்? நிச்சயம் நல்லபடியாக முடிந்து, வந்த சனம் குற்றாலத்துக்குக் குளிக்கப் புறப்பட்டது. அருவிக்குப் போகிற பாதையில் ஒருவன் பாயை விரித்துக் குறடோடு உட்கார்ந்திருந்தான். அவன் குப்பி எதுவும் கேட்கவில்லை. ஏசுதாசன் பற்களைப் பிடுங்கிக்கொண்டு, சனியன் விட்டது என்று அருவியிலும் நின்றுவிட்டு வந்தார். மறுநாள் தாடை வீங்கியது. பிறகு கழுத்து. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்து என்ன வியாதி என்று சொன்னபோது அவருக்கு நினைவு இல்லை. அந்த வாரமே கல்லறைத் தோட்டத்தில் கொண்டு வைத்தார்கள்.

சுகிர்தம் அழவில்லை. அழுதால் தேவலை என்று சொந்தக்காரப் பெண்கள் கட்டிப்பிடித்து உலுக்கிப் பார்த்தார்கள். கையைத் தலைக்கு வைத்துப் படுத்து மரத்துப்போகுமே, அந்த மாதிரி இருந்தது அவளுக்கு. அவளுடைய கைதான், ஆனால் கிள்ளினால் தெரியவில்லை. கூட்டினாள், பெருக்கினாள், உலை வைத்தாள். புறவாசல் மூலையில் எறும்பு இல்லை.

துக்கம் கேட்டவர்கள் எல்லாம் போன பிறகு ஒரு நாள் செல்லப்பா தனியாக வந்தார். கல்யாணம் நிற்காது, ஆறு மாதம் கழித்து எளிமையாக நடத்திக்கொள்ளலாம் என்றார். அவள் தலையை ஆட்டினாள். காப்பி போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் டம்ளரை வாங்காமல் தயங்கினார்.

"சீனி போட்டிருக்கா தங்கச்சி? எனக்கு ஆகாது."

"ரொம்ப நாளாவா அண்ணாச்சி?"

"வருசக் கணக்காச்சு. வெளிய சொல்லிக்கிடல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்குப் பல் ஆஸ்பத்திரியில என் துண்டுக்குள்ளயும் ஒரு குப்பி இருந்துச்சு. சம்மந்தி வீட்டு ஆள்களுக்கு முன்னால எப்படி எடுக்கன்னு, நீங்க போற வரைக்கும் மடியிலயே வச்சிக்கிட்டு இருந்தேன். நீங்க தேன் குப்பின்னு சொன்னதும், ஏசுதாசன் கொடுத்துவச்ச மனுசன்னு நெனச்சேன்."

சுகிர்தம் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். பலகையில் தேன் குப்பி இருந்த இடத்திலேயே இருந்தது. நின்றபடியே அந்தக் காப்பியைக் குடித்தாள். அத்தனை சீனி போட்டிருந்தும் நாக்கில் ஒன்றும் தெரியவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவருக்குச் சீனி போடாமல் வேறு காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்தாள்.