கதவு வாத்தியாரின் காகிதங்கள்

மகளுக்குப் பொறுமை போய் ரொம்ப நாளாயிற்று. ஒட்டிக்கொண்டிருந்த மிச்சமும் அன்று காலையில் போனது. ஆவணக் காப்பகத்து வண்டி வாசலில் வந்து நிற்கிறது. அப்பாவோ கீழறையில், பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, முப்பது வயதில் எழுதிய சொற்பொழிவை எண்பது வயதில் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருக்கிறார்.

"என்னப்பா பண்றீங்க?"

"சுதந்திரம்ங்கிற வார்த்தைய கண்ட இடத்துல போட்டு வெச்சிருக்கேன். படிக்கிறவன் சிரிப்பான்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். அன்னிக்கு நீங்க என்ன நினைச்சீங்களோ அதுதான் அவங்களுக்கு வேணும்."

"தப்புன்னு தெரிஞ்சே எப்படிம்மா கொடுக்கிறது?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. இதே வண்டி ஏற்கெனவே ஒருமுறை காலியாகத் திரும்பிப் போயிருக்கிறது. தன் புத்தகத்தை மறுத்து எழுதிய ஒருவருக்கு இன்னும் பதில் எழுதி முடிக்கவில்லை என்று அப்பா அப்போது சொன்னார். மறுத்தவர் செத்துப் பல வருஷம் ஆகிறது.

அப்பா அரசியல் தத்துவப் பேராசிரியர். மாணவர்கள் வைத்த பெயர் கதவு வாத்தியார். எவ்வளவு ஏழையானாலும் மனிதருக்குத் தாழ் போட்டுக்கொள்ள ஒரு கதவு வேண்டும், அதைக்கூடக் கொடுக்க வக்கில்லாத அரசுக்கு ஆள யோக்கியதை இல்லை என்று புத்தகம் எழுதினார். அதையே மேடை மேடையாகப் பேசினார். பேசியதால் ஒரு வேலை போனது, பேசியதாலேயே இன்னொரு கல்லூரி கூப்பிட்டுத் துறைத் தலைவராக்கியது. அந்தப் பேச்செல்லாம் இப்போது கீழறையில் கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அறைக்குள்ளிருக்கும் குளியலறையைத் திறக்கக்கூட வழியில்லை.

மற்ற அறைகளெல்லாம் மாடியில். இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து வந்த அம்மாவால் படி ஏற முடியாது. அதனால் கூடத்தில், கொடியில் தொங்கவிட்ட ஒரு போர்வைக்குப் பின்னால், கட்டிலில் கிடக்கிறாள். காற்றடித்தால் போர்வை விலகும். யார் வந்து மணியடித்தாலும் அவசர அவசரமாகக் காலை மூடிக்கொள்வாள். கீழறை காலியானால்தான் அவளுக்கு ஓர் அறை. விஷயம் இவ்வளவுதான், இதில் தத்துவம் ஒன்றும் கிடையாது.

வண்டியோடு வந்திருந்த ஆவணக் காப்பாளர் நல்ல மனிதர். கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கட்டில் பக்கம் கண் போகாமல் பார்த்துக்கொண்டார்.

"ஐயா, இதுக்கு மேல திருத்த மாட்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டாத்தான் நாங்க எடுத்துட்டுப் போக முடியும். இன்னிக்கு விட்டா காப்பகத்துல உங்களுக்கு ஒதுக்கின இடத்த வேற ஒருத்தருக்குக் கொடுத்துடுவாங்க."

"கொடுக்கட்டும்," என்றார் அப்பா, பேனாவை மூடாமலே. "அரைகுறையாப் போறதுக்குப் போகாமலே இருக்கலாம்."

"அம்மா எங்கப்பா படுப்பாங்க?"

"ஏன், கூடத்துக்கு என்ன குறைச்சல்? காத்து வருது. நாலு பேர் முகம் தெரியுது."

மகள் வாயைத் திறப்பதற்குள் போர்வைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"கொஞ்சம் எல்லாரும் வெளிய போறீங்களா. அவசரம்."

காப்பாளர் செருப்பைச் சரியாக மாட்டாமலேயே வெளியேறினார். அப்பா, "நானுமா?" என்றார். "நீங்களுந்தான்," என்றாள் அம்மா.

மகள் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து பெட்பேனை வைத்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் காப்பாளர் மரியாதைக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"உங்க கதவுப் பேச்ச காலேஜ்ல நேர்ல கேட்டிருக்கேன் ஐயா. இன்னும் காதுல நிக்குது."

அப்பா உற்சாகமாகிவிட்டார். "அதுல அடிப்படை என்னன்னா..." என்று ஆரம்பித்தார். ஒரு வார்த்தை விடாமல் உள்ளே கேட்டது.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "வர மாட்டேங்குதுடி. பக்கத்துலயே நின்னு பேசினா எப்படி வரும்?"

அவ்வளவுதான். மகள் போய் ஜன்னல் திரையை விலக்கினாள்.

"அப்பா, நீங்க பேசறது கேக்குது. அதனால அம்மாவுக்கு ஒண்ணுக்கு வர மாட்டேங்குது. தெருமுனைக்குப் போய் நின்னு பேசுங்க."

காப்பாளர் தரையைப் பார்த்தார். அப்பா, கையில் திறந்த பேனாவோடு, தெருமுனைக்கு நடந்தார். காப்பாளரும் பின்னாலேயே போனார்.

அவர்கள் திரும்பி வந்தபோது காப்பாளர் கையில் அப்பா கையெழுத்துப் போட்ட தாள் இருந்தது.

"சிவப்பு மைதான். பரவாயில்ல, வாங்கிக்கிறேன்," என்றார்.

மாலைக்குள் அறை காலியானது. கட்டிலை உள்ளே போட்டு, அம்மாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தாள் மகள். தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தவளிடம் அம்மா, "போதும். நீயும் வெளிய போ. கதவச் சாத்திட்டுப் போ," என்றாள்.

சாத்தினாள். வெளியே அப்பா நின்றுகொண்டிருந்தார். என்ன தோன்றியதோ, கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.